பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்: துன் சம்பந்தன் போட்ட கணக்கு

தோட்டம் கைமாறப் போகிறது என்ற செய்தி பால் வெட்டுகிறவருக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். நிலம் அளப்பவர்கள் வந்து போவார்கள், கிராணிமார் தணிந்த குரலில் பேசிக்கொள்வார்கள், துரை ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். அதன்பிறகு ஒரு நாள் பிரட்டுக்களத்தில் கணக்குத் தீர்க்கப்படும். பல தோட்டங்களில் மூன்று தலைமுறையாக மரம் வெட்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே மாரியம்மனுக்குத் தீ மிதித்த குடும்பங்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றன. 1950களில் மலாயாவில் இதற்கு ஒரு பெயரே ஏற்பட்டுவிட்டது: தோட்டத் துண்டாடல்.

சுதந்திரம் நெருங்கியபோது பிரிட்டிஷ் கம்பெனிகள் சிலவற்றுக்குப் புதிய நாட்டில் தங்கள் முதலீடு என்னவாகுமோ என்ற அச்சம் இருந்தது. மரங்களும் கிழடு தட்டியிருந்தன. மறுநடவு செய்தால் புதுக் கன்று பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்தச் செலவை ஏற்பதைவிட விற்றுவிட்டுப் பணத்தோடு போவதே மேல் என்று கணக்குப் போட்டார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்க நாட்டில் சிலரால்தான் முடியும், ஐந்து பத்து ஏக்கரை வாங்க ஆயிரம் பேரால் முடியும். ஆகவே மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக விற்றால் ஏக்கருக்குக் கூடுதல் விலை. துண்டை வாங்கியவர் மரத்தை வெட்டத் தம் குடும்பத்தையோ குத்தகைக்காரரையோ அமர்த்திக்கொள்வார். அவருக்கு லயமும் வேண்டாம், ஆயாக்கொட்டகையும் வேண்டாம், தமிழ்ப்பள்ளியும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் மத்திய அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்தவர் வீ.தி. சம்பந்தன். திருஞானசம்பந்தன் என்பது முழுப்பெயர். பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16ஆம் நாள் பிறந்தவர். அவருடைய தந்தை வீரசாமி 1896இல் மலாயாவுக்கு வந்து, உழைத்து முன்னேறி, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் நிலம் சேர்த்தவர். ஆக, சம்பந்தன் தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளை. கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்து, பட்டப்படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே காங்கிரஸ் இயக்கத்தின் காற்று அவர்மேல் பட்டது. போர் முடிந்து 1946இல்தான் மலாயா திரும்பினார். சுங்கை சிப்புட்டில் 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது அவருடைய முயற்சியால். அதைத் திறந்து வைத்தவர் விஜயலட்சுமி பண்டிட்.

1955இல் ம.இ.கா. தலைமை அவருக்கு வந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரானார். பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகாக்கள். சுதந்திர உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இவையெல்லாம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ளவை. அவர் செய்தவற்றில் தோட்டத்து மக்கள் இன்றும் பேசுவது வேறொன்றை: மாதம் பத்து வெள்ளி கட்டிய கதையை.

துண்டாடலைத் தடுக்க அவர் முன்னே இருந்த வழிகள் அதிகமில்லை. சட்டம் கொண்டுவரலாம். ஆனால் நிலம் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ள விஷயம், தன் நிலத்தை விற்கும் உரிமையைப் பறிப்பது சுதந்திரம் பெற்ற கையோடு எந்த அரசும் எளிதில் துணியக்கூடியதும் அன்று. (தோட்ட நிலத்தைப் பிரித்து விற்க அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாடு பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதற்குள் பல தோட்டங்கள் போய்விட்டன.) போராட்டம் செய்யலாம். தொழிற்சங்கத்தால் கூலியைக் கூட்ட முடியும், போனஸ் கேட்க முடியும், ஆனால் முதலாளியே தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது யாரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது? அரசாங்கமே குடியேற்ற நிலம் தரலாம். 1956இல் தொடங்கிய ஃபெல்டா அப்படித்தான் காட்டைத் திருத்திக் குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர் என்று கொடுத்தது. ஆனால் ஃபெல்டாவுக்குப் பின்னால் அரசாங்க நிலமும் அரசாங்கப் பணமும் இருந்தன. லயத்திலிருந்து வெளியேற்றப்படும் இந்தியத் தொழிலாளிக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது.

இவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். விற்பவன் விற்கட்டும், வாங்குகிறவன் நாமாக இருப்போம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது.

கேட்பதற்கு எளிது. கணக்குப் போட்டால்தான் இதில் இருந்த துணிச்சல் தெரியும். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம். அன்றைய தோட்டத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது ஏறக்குறைய மூன்று நாளுக்கு மேற்பட்ட கூலி. சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடா மாநிலத்து புக்கிட் சிடிம், 2,912 ஏக்கர். இந்த அளவுத் தோட்டத்தில் ஏழு ஏக்கருக்கு ஒருவர் என்று தோராயமாக வைத்தால் 416 தொழிலாளர். அத்தனை பேரும் ஆளுக்கொரு பங்கு வாங்கினால் 41,600 வெள்ளி சேரும். அதை ஏக்கருக்குப் பிரித்தால் பதினான்கு வெள்ளி சொச்சம். அந்த விலைக்குத் தரிசு நிலம்கூடக் கிடைக்காது.

ஏக்கர் ஆயிரம் வெள்ளி என்று கணக்குக்காக ஒரு விலை வைத்துப் பார்ப்போம். தோட்டத்தின் விலை 29 இலட்சத்து 12 ஆயிரம் வெள்ளி. அதற்கு 29,120 பேர் முழுப் பங்கு கட்ட வேண்டும். அந்தத் தோட்டத்தில் வேலை செய்பவர்களைப் போல் எழுபது மடங்கு. பாதிப் பணத்தைக் கடனாக வாங்கினாலும் முப்பத்தைந்து மடங்கு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தொழிலாளி தன் தோட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் திட்டமாக இது ஒரு நாளும் இருந்திருக்க முடியாது. ஜோகூரில் மரம் வெட்டுகிறவர், தாம் பார்த்தே இராத கெடாத் தோட்டத்துக்குப் பணம் கட்ட வேண்டும். தம் தோட்டம் விலைக்கு வரும்போது சங்கத்தின் கையில் பணம் இருக்குமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எழுபது பேர் கட்டினால் ஒருவருக்கு இன்று வீடு தங்கும், மற்ற அறுபத்தொன்பது பேருக்கு ஒரு பங்குப் பத்திரமும் நம்பிக்கையும்தான்.

எழுத்தறிவு குறைவாக இருந்த மக்களிடம், சீட்டுப் பிடித்தவர்களிடமும் கடைக்காரர்களிடமும் ஏற்கெனவே ஏமாந்த மக்களிடம் இதைச் சொல்லிப் பணம் வாங்க வேண்டும். சம்பந்தனும் அவருடன் கே.ஆர். சோமசுந்தரமும் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். அமைச்சர் ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்று பேசியதுதான் பலருக்குப் பத்திரத்தைவிடப் பெரிய பிணையாக இருந்தது. அதில் ஒரு பலமும் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. சங்கத்தின் பெயருக்கு முன்னால் ஒரு மனிதரின் பெயர் அடமானமாக நின்றது. திட்டம் கவிழ்ந்திருந்தால் பணத்தோடு, இந்தியச் சமூகம் ஒரு பொதுக் காரியத்துக்கு மீண்டும் கை நீட்டும் துணிவும் போயிருக்கும்.

ஏன் தோட்டத்தை முழுதாக வைத்துக்கொள்ள வேண்டும், வாங்கிய நிலத்தைத் தொழிலாளிகளுக்கே ஆளுக்கு நான்கு ஐந்து ஏக்கராகப் பிரித்துக் கொடுத்திருக்கலாமே என்ற கேள்வி அன்று முதல் இன்று வரை உண்டு. நியாயமான கேள்விதான். பட்டா கையில் இருந்தால் எவரும் விரட்ட முடியாது, பிள்ளைக்கும் விட்டுச் செல்லலாம்.

ஆனால் அந்த வழியில் நடந்து பார்த்தால் சில இடங்களில் கால் இடறும். பணம் கட்டியவர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள், நிலம் ஓரிடத்தில் இருக்கிறது. அங்கே குடியிருப்பவருக்கு மட்டும் நிலத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் எதற்காகக் கட்டினார்கள்? ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர் மறுநடவு செய்தால் ஆறேழு ஆண்டுக்கு அந்த நிலத்தில் வருமானம் இல்லை. அரசின் மறுநடவு உதவி கிடைத்தாலும் அதுவரை குடும்பம் எதைச் சாப்பிடும்? மகள் திருமணமோ மருத்துவச் செலவோ வந்தால் அந்தத் துண்டு அடகுக்குப் போகும், பிறகு விலைக்குப் போகும். துண்டாடலைத் தடுக்க வாங்கிய தோட்டம், பத்தாண்டில் பின்வாசல் வழியாகத் துண்டாகியிருக்கும். முழுதாக வைத்தால்தான் ஒரு பகுதி மரம் பால் தர, இன்னொரு பகுதியில் கன்று வளர, ஆலையும் பள்ளியும் கோயிலும் இருந்த இடத்தில் இருக்கும்.

அதற்குக் கொடுத்த விலை சிறியதன்று. தோட்டத்துக்குக் கூட்டாக உடைமையாளர் என்று பெயர் வந்தாலும், காலையில் பிரட்டுக்குப் போகிறவர் கூலிக்காரராகவேதான் போனார். குடியிருந்த வீடு அவர் பெயரில் இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கு உள்ள குரலே அவருக்கும். தங்களுக்கென்று ஒரு பிடி நிலம் வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு இந்த ஏற்பாடு அதைத் தரவில்லை. தருவதாகவும் அது அமைக்கப்படவில்லை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இந்தத் திட்டத்தைப் பற்றிய வாதங்கள் பலவும் எங்கும் போய்ச் சேராமல் நிற்கின்றன.

இன்னொரு சிக்கல் இதைவிடக் கடினமானது. எந்தத் தோட்டத்தை வாங்குவது? இளமரம் நிறைந்த தோட்டத்தை வாங்கினால் வருமானம் வரும், கடன் அடையும், பங்குக்கு ஆதாயம் கொடுக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட தோட்டத்தை உடைமையாளர் விற்க அவசரப்படமாட்டார், ஆகவே அங்குள்ள தொழிலாளிக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆபத்தில் இருப்பது கிழ மரத் தோட்டத்துக் குடும்பங்கள். அந்தத் தோட்டத்தை வாங்கினால் மக்கள் பிழைப்பார்கள், வாங்கியவர் மறுநடவுச் செலவில் மூழ்குவார். சங்கத்தை வலுப்படுத்துவதும் மக்களைக் காப்பதும் ஒவ்வொரு வேளையும் ஒரே திசையில் போவதில்லை. நல்ல மனது மட்டும் இருந்தால் இந்த முடிவை எடுக்க முடியாது, கணக்கு மட்டும் தெரிந்தாலும் முடியாது.

கூலிக்கும் ஆதாயத்துக்கும் இடையே இருந்த இழுபறியும் அப்படித்தான். தோட்டத்து ஈவு வந்தால் அதைக் கூலியாகவும் வீடு பழுதுபார்க்கவும் செலவிடலாம், பங்குதாரர் எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கலாம், மறுநடவுக்கு வைக்கலாம், அடுத்த தோட்டத்துக்கு முன்பணமாகச் சேர்க்கலாம். நான்கையும் ஒன்றாகச் செய்ய முடியாது. கெடாவில் மரம் வெட்டுகிறவருக்குக் கூலி முக்கியம். ஜோகூரில் பத்து மாதம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஆதாயம் முக்கியம். இருவரும் ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள், இருவரும் நம்மவர்கள்.

ரப்பர் விலையும் துணை நிற்கவில்லை. சங்கம் தொடங்கிய 1960இல் ஓர் இராத்தல் ரப்பர் ஒரு வெள்ளிக்கு மேல் விற்றது. 1967, 1968 ஆண்டுகளில் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உச்ச விலைக் காலத்தில் வியாபாரத்தில் இறங்கி, பாதி விலையில் பிழைக்க வேண்டிய நிலை. வங்கிக் கடனை மட்டுமே நம்பிய ஒரு நிறுவனம் இத்தகைய இறக்கத்தில் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பத்து வெள்ளிகளின் மதிப்பு வேறு விதமாகத் தெரியும். வங்கிக்கு மாதாமாதம் வட்டி கட்டியாக வேண்டும். உறுப்பினரின் பங்குப் பணம் காத்திருக்கும். ஆதாயம் குறைந்தால் முணுமுணுப்பு இருக்கும், ஆனால் தோட்டம் ஏலத்துக்கு வராது. ஏழைகளிடம் திரட்டிய பணம் என்று பரிதாபத்தோடு பேசப்படுவது, வியாபாரக் கண்ணில் மிகப் பொறுமையான முதலாகவும் இருந்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, சங்கம் துண்டாடலை நிறுத்திவிட்டது என்று முடிவு கட்டினால் அது தவறு. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்தபோது, அது தொழிலாளர் வாழ்வைக் குலைத்த பெரிய சிக்கலாகவே காணப்பட்டது. அதன் பரப்போடு ஒப்பிட்டால் சங்கம் வாங்க முடிந்தது ஒரு பங்குதான். வாங்காத தோட்டங்களின் மக்கள் பட்டணத்து ஓரங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பலர் கப்பல் ஏறினார்கள். பங்குப் பத்திரத்தால் அதைத் தடுக்க முடியவில்லை. பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. செம்பனை மூன்றாண்டிலேயே காய்க்கும், ஏக்கருக்கு ஆள் குறைவாகப் போதும். தோட்டம் லாபமாகும், வேலை குறையும். யார் உடைமையாளராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

அமைச்சரவையில் அவர் மென்மையாக இருந்துவிட்டார், குடியுரிமைக்கும் கல்விக்கும் இன்னும் ஓங்கிக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்கள் கட்சிக்குள்ளேயே இருந்தார்கள். அந்தக் குறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஒரு தலைவருக்குள்ள நேரமும் செல்வாக்கும் அளவானவை. அவற்றில் பெரும்பகுதியைத் தோட்டம் வாங்கும் வேலைக்குக் கொடுத்தால் வேறொன்றுக்குக் குறையத்தான் செய்யும். ஆனால் அரசாங்கம் தர வேண்டியவை கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாங்கிப் பதிவு செய்த நிலம் அடுத்த தேர்தலில் காணாமல் போகாது. அவர் எடைபோட்டது இதைத்தான் என்பதை அவருடைய பேச்சிலிருந்து தேட வேண்டியதில்லை, அவர் எங்கே நேரத்தைச் செலவிட்டார் என்பதிலிருந்தே தெரிகிறது.

1973இல் அவர் ம.இ.கா. தலைமையைவிட்டு இறங்கினார். வீ. மாணிக்கவாசகம் அந்தப் பொறுப்புக்கு வந்தார். கட்சிப் பூசலின் கசப்பு அந்த விலகலில் இருந்தது. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து அவர் மனம் விலகவில்லை. கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்றே பெயர் பெற்றது. பிரிக்ஃபீல்ட்ஸ் பெரிய சாலைக்கும் பின்னர் அவர் பெயரே வந்தது.

துன் சம்பந்தன் 1979 மே 18ஆம் நாள் காலமானார். அறுபது வயது நிறைய இன்னும் நான்கு வாரம் இருந்தது. தந்தை வீரசாமி சுங்கை சிப்புட்டில் சேர்த்த ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி, மகனின் அரசியல் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்குப் போய்விட்டது, கடைசியில் சிறு பகுதியே மிஞ்சியிருந்தது. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டியவர்கள் வாங்கிய முதல் தோட்டம் மட்டுமே 2,912 ஏக்கர்.